பிணை நின்றவர்

அச்சகத்திலிருந்து வந்த கல்வெட்டுப் படியில் தம்பியின் பெயரைப் பேனையால் வெட்டினேன். ஒரு கோடு போதாமல் மேலே மேலே இழுத்ததில் தாள் கிழிந்துவிட்டது. வெள்ளைத் தாள் கிடைக்காத காலம். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அடித்திருந்தார்கள். நீலக் கோடுகளுக்கு மேலே அப்பாவின் பிறப்பும் படிப்பும் அவர் செய்த தொண்டுகளும் வரிசையாக நின்றன. 'அமரர் கந்தையா சீவரத்தினம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அகதி முகாம் தொண்டர்.' கடைசிப் பக்கத்தில் குடும்பம். பராசக்தியின் அன்புக் கணவர். அருந்ததி, சிவகரன் ஆகியோரின் பாசமிகு தந்தை. அந்தச் சிவகரன்தான் இப்போது மைக்கு அடியில் கிடந்தான்.

செபநாயகம் மாஸ்டர் சைக்கிளைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் நீண்ட காலம் படிப்பித்தவர். வேதக்காரரானாலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இந்தக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தை அச்சடிப்பிக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கியிருந்தார்.

"என்ன பிள்ளை, பிழை ஏதும் கிடக்கோ?"

"ஒரு பேரை எடுக்கவேணும் மாஸ்டர்."

அவர் எட்டிப் பார்த்தார். எந்தப் பெயர் என்று கேட்கவில்லை. "அம்மாட்டை ஒருக்காக் கேளும். நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் அவருக்கும் தெரிந்திருந்தது. பெற்ற தகப்பனை ஏமாற்றிவிட்டுப் போன பிள்ளை என்றால் அது சீவரத்தினம் மாஸ்டரின் மகன் கரன்தான்.

அப்பா இளைப்பாறிய அடுத்த வருஷம், தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், சண்டை மூண்டதும் காங்கேசன்துறைப் பக்கத்துச் சனமெல்லாம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு உடுவில் பக்கம் நடந்து வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரு பின்னேரத்துக்குள் நிரம்பிவிட்டது. அப்பா முதலில் கொண்டுபோனது அரிசி அல்ல, எங்கள் கிணற்று வாளியையும் கயிற்றையும்தான். பள்ளிக்கூடக் கிணற்றில் வாளி இல்லையென்பது வேறு யாருக்கும் நினைவு வரவில்லை. இரண்டொரு கிழமைக்கு என்று போனவர் அதன்பிறகு சாகும்வரை அந்த முகாம் வேலையை விடவில்லை. மலக்குழி வெட்டினார். கஞ்சி காய்ச்சினார். நிவாரணம் வராத நாள்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் அரிசி கேட்டார். பின்னேரங்களில் வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்துவைத்து முகாம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தார். என்னையும் அங்கே கூட்டிக்கொண்டுபோய்ச் சின்ன வகுப்புகளை ஒப்படைத்தார். யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவருடைய மகள் என்று சொல்லிக்கொள்வதே எனக்குப் போதுமாக இருந்தது.

வீட்டில் அவர் வேறு மாதிரி. அதிகம் கதைக்கமாட்டார். பனங்கிழங்கு அவித்தால் தும்பு வார்ந்து, முறித்து, முதல் துண்டை எனக்குத்தான் நீட்டுவார். கரன் சண்டை பிடிப்பான். "அவள் மூத்தவள். அவளுக்குப் பிறகுதான் நீ" என்பார். வாசிகசாலைக் கூட்டங்களில் மட்டும் அவருடைய குரல் உயரும். வெளிநாட்டுக்கு ஓடுகிறவர்களைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. "படிச்சதுகள் எல்லாம் போனா இஞ்சை ஆர் மிஞ்சிறது? ஏலாததுகளும் ஏழையளும்தான். அதுகளைப் போட்டிட்டுப் போறதுக்கோ நாங்கள் உங்களைப் படிப்பிச்சனாங்கள்?" நான் கடைசி வாங்கில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாள்களில் குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். இளம் ஆள்களுக்கு அது சுலபமாகக் கிடைக்காது. வைத்தியத்துக்கென்றோ வேறு தேவைக்கென்றோ போனால், போகிறவர் திரும்பி வருவார் என்று ஊரில் மதிப்பான ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். அவரும் வெளியே போகமுடியாது, போனவரின் வீட்டிலிருந்தும் அதன்பிறகு ஒருவரையும் விடமாட்டார்கள். அப்பா பல பேருக்குப் பிணை நின்றார். எல்லோரும் வைத்தியத்துக்குப் போன வருத்தக்காரர். "திரும்பி வருவன் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு" என்று கேட்பார். சொன்னவர்கள் எல்லோரும் வந்தார்கள். பாஸ் கொடுக்கும் கந்தோரில் சீவரத்தினம் மாஸ்டரின் கையெழுத்து என்றால் மறுபேச்சு இல்லை.

தம்பிராசா அண்ணை முகாமில் அப்பாவுக்கு வலது கைபோல இருந்தவர். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மனைவி குணலட்சுமி அக்காவோடும் ஒரே மகன் தயாபரனோடும் வெறுங்கையோடு வந்து சேர்ந்தவர். தயாபரனும் கரனும் ஒரே வயது. எங்கள் விறாந்தையில் ஒரே ஜாம்போத்தல் விளக்கின் இரண்டு பக்கமும் இருந்து படித்து இருவரும் ஒன்றாக உயர்தரம் எழுதினார்கள். கரனுக்குத் தடித்த கண்ணாடி, அவன் விளக்கைத் தன் பக்கம் இழுப்பான். தயாபரன் ஒன்றும் சொல்லாமல் இருட்டுக்குள் இருந்து படிப்பான்.

சோதனை முடிந்த பிறகு ஒருநாள் தம்பிராசா அண்ணை வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் கதிரையில் இருக்காமல் தூணோடு நின்றார்.

"மாஸ்டர், பெடியனை அனுப்பலாம் எண்டு நினைக்கிறம். நீங்கள் பிணை நிண்டால் விடுவாங்கள்."

"என்னத்துக்குப் போறான்? எப்ப வருவான்?"

தம்பிராசா அண்ணை ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வயிற்று வருத்தம் என்றோ, சோதனை என்றோ. அவர் நிலத்தைப் பார்த்தபடி, "வரமாட்டான் மாஸ்டர். தாய்மாமன் ஜேர்மனிக்குக் கூப்பிடுறான்" என்றார்.

அப்பா என் கையிலிருந்த தேத்தண்ணியை வாங்கி அவரிடம் நீட்டினார். பிறகு, "வருவான் எண்டெல்லோ நான் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும் தம்பிராசா. வராத பிள்ளைக்கு அதை எப்பிடி எழுதுறது? நான் ஒருக்காப் பொய் சொல்லிப் பிடிபட்டால், பிறகு சாகக்கிடக்கிற வருத்தக்காரருக்கு நான் நிக்கிற பிணையையும் நம்பமாட்டாங்கள்" என்றார்.

"ஓம் மாஸ்டர். விளங்குது."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எங்கள் மண்வெட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு, அவர் முகாமுக்கே போனார். எனக்கு அன்றைக்கு அப்பாவை நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. தயாபரனை அப்பா முகாமில் தொண்டர் ஆசிரியராக்கினார். அவனும் மனம் கோணாமல் படிப்பித்தான். அடுத்த வருஷம் மாசியில், முகாமுக்குச் சாமான் எடுக்கச் சந்தைக்குப் போன வழியில் விமானக் குண்டு விழுந்து செத்துப்போனான். அவனை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது அப்பாதான். வீட்டுக்கு வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டே நின்றார். அம்மா போய்க் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினார்.

அதே வருஷம் ஆவணியில் கரன் கொழும்புக்குப் போனான். ஒரு கண்ணில் நிழல் விழுகிறது, இஞ்சை கண் வைத்தியம் செய்ய வழியில்லை என்றார்கள். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அப்பா தானே பிணை நின்றார். கிளாலிக்கு வள்ளம் ஏறப் போகும்போது கரன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். சின்னப் பிள்ளைபோலக் கண்ணுக்குப் பயந்து அழுகிறான் என்று நினைத்தேன். "சுகமாக்கிக்கொண்டு வா. வரேக்கை எனக்கு ஒரு சந்தனச் சவுக்காரம் வாங்கிக்கொண்டு வா" என்றேன். தலையாட்டினான். அப்பா சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்.

அவன் வரவில்லை. மார்கழியில், கனடாவிலிருந்து கொழும்புக்கு வந்து கைமாறிக் கைமாறி ஒரு கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறானாம்.

அப்பாவைப் பாஸ் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். காலையில் போனால் பொழுது சாயும்வரை வாங்கில் இருத்திவைத்து, நாளைக்கும் வாங்கோ என்று அனுப்புவார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவன் அப்பாவிடம் படித்தவன். "சேர், நீங்களும் இப்பிடிச் செய்யலாமோ?" என்று கேட்டானாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "என்ரை பிள்ளை என்னை ஏமாத்திப்போட்டான் தம்பி" என்றாராம். இதை எங்களுக்கு வந்து சொன்னவர் தம்பிராசா அண்ணை. அப்பா போன நாளெல்லாம் தானும் கூடப் போய் அந்த வாங்கில் பக்கத்தில் இருந்தவர். "மாஸ்டரின்ரை வாயாலை அப்பிடி ஒரு சொல் வரவேண்டிக் கிடந்துதே" என்று எங்கள் முற்றத்தில் நின்று அழுதார். மகனைப் புதைத்த துக்கம் ஆறாத மனுசன் அப்பாவுக்காக அழுதார்.

இனிமேல் ஒருவருக்கும் பிணை நிற்கக்கூடாது என்று சொல்லி அப்பாவை விட்டார்கள்.

எனக்கு அப்போது கொழும்பில் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. விமலேந்திரன் அங்கே ஒரு கொம்பனியில் கணக்காளர். பாதை திறந்திருந்த காலத்தில் ஊருக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனவர். வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். வரும்போது நாலைந்து சேர்ந்து வரும். நான் பாஸுக்குப் போனபோது மேசைக்குப் பின்னால் இருந்த பெடியன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "உங்கடை வீட்டிலை போன ஆள் வரட்டும் அக்கா. பிறகு நீங்கள் போகலாம்." மறுபடி போனேன். மறுபடியும் அதே பேச்சு. விமலேந்திரன் வீட்டார் ஒரு வருஷம் பொறுத்தார்கள். பிறகு அவருடைய கலியாண அழைப்புக் காட்டே தபாலில் வந்தது, வேறொரு பெண்ணின் பெயரோடு.

அன்றைக்கு அப்பா அழுதார். அவர் அழுது நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. தயாபரனைக் கொண்டுவந்த நாளில்கூட அவர் கண்ணில் நீர் இல்லை. காட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவர் காலடியில் இருந்து அவரைத் தேற்றினேன். "நீங்கள் என்ன அப்பா செய்யிறது? உங்களை ஏமாத்தினவன்தானே என்னையும் ஏமாத்தினவன்" என்றேன். அப்படிச் சொல்லச் சொல்ல அவர் அழுகை கூடிற்று. அன்றைக்கே கரனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ என் தம்பி இல்லை, இனி இந்த வீட்டுக்கு எழுதாதே என்று எழுதினேன். கொழும்புக்குப் போகிறவரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது அப்பாதான். பதிலாகக் கரனிடமிருந்து வந்தது ஒரே வரி. 'அக்கா, என்னை மன்னிச்சிடுங்கோ.' அதையும் அடுப்பில் போட்டேன்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, கொழும்புக்குக் கொண்டுபோங்கோ என்றார் டொக்டர். அப்பா சிரித்தார். "நான் பிணை நிண்ட ஆளெல்லோ டொக்டர். நான் எங்கை போறது?" மாரி மழை விட்ட ஒரு காலைப்பொழுதில், முகாமுக்குப் புறப்பட்டுச் செருப்பைக் கொழுவியவர் அப்படியே படியில் சரிந்தார். கொள்ளி வைக்க மகன் இல்லை. பெரியப்பாவின் மகன் வைத்தான்.

கிழிந்த கல்வெட்டுப் படியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அம்மா அந்தியேட்டிச் சமையலுக்கு அரிசி கொழித்துக்கொண்டிருந்தார்.

"உவன்ரை பேர் கல்வெட்டிலை வராது" என்றேன்.

அம்மா சுளகை நிறுத்தவில்லை. "வரவேணும்."

"அப்பாவை வாங்கிலை கொண்டுபோய் இருத்தினவன்ரை பேர் வரவேணுமோ? வைத்தியமில்லாமல் சாகக் குடுத்தவன்ரை பேர்?"

"வாயைப் பொத்து."

"நான் ஏன் பொத்தவேணும்? ஊரே சொல்லுது. பெத்த தேப்பனை ஏமாத்திப்போட்டு…"

"அவன் ஆரையும் ஏமாத்தேல்லை!"

சுளகு கையிலிருந்து நழுவி அரிசி நிலமெல்லாம் சிதறியது. அம்மா குனிந்து அதைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"அப்பாதான் வரவேண்டாம் எண்டு சொல்லி அனுப்பினவர். கண்ணிலை ஒரு வருத்தமும் இல்லை. தயாபரனைத் தூக்கிக்கொண்டு வந்த அண்டு தொடக்கம் அந்த மனுசன் நித்திரை கொள்ளேல்லை. எழும்பிப்போய்க் கரன் படுக்கிற இடத்திலை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பார். பிறகு ஒருநாள் நீ முகாமுக்குப் படிப்பிக்கப் போன நேரம், இந்தக் குசினிக்கை எங்களை இருத்திச் சொன்னார். 'கண் வருத்தம் எண்டு எழுதிப் பிணை நிக்கிறன். நீ வராதை. நான் கூப்பிட்டாலும் வராதை' எண்டவர். கரன் மாட்டன் எண்டு அழுதவன். அவனைக் கையாலை அடிச்சுத்தான் ஓமெண்ண வைச்சவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பியே?"

எதை விட்டிருப்பேன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்கு முதலே விளங்கியது. அவன் திரும்பாவிட்டால் என்னை விடமாட்டார்கள்.

"அம்மா, என்ரை பாஸ் நிக்கும் எண்டு அப்பாவுக்கு அப்பவே தெரியுமோ?"

அம்மா அடுப்படிச் சாம்பலை விரலால் ஒதுக்கினார். வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். பிறகு மிக மெல்ல, "தெரியும் மோனை" என்றார். "நானும் கேட்டனான். அவளின்ரை கலியாணம் எண்டு. 'பெட்டைக்குப் பிறகும் பேசலாம் பராசக்தி. பெடியன் செத்துப்போனால் பிறகு பேச என்ன கிடக்கு' எண்டவர்."

நான் சுவரோடு சாய்ந்து இருந்தேன். அழுகை வரவில்லை. கலியாணக் காட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா அழுத அந்தப் பின்னேரம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நான் தேற்றினேன். அவர் தேற்ற விட்டார். தம்பியைத் திட்டித் திட்டி நான் எழுதிய கடிதத்தைத் தன் கையால் வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கோபித்திருப்பேன், கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்திருப்பேன். ஆனால் என் வாழ்க்கையை எடுத்தது யார் என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும். மூன்று பேருக்குத் தெரிந்த விஷயம், நாலு பேர் இருந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. அவர்கள் பேசி முடிவெடுத்த அந்த நேரத்தில் நான் முகாமில், அவர் தந்த வகுப்பில், அவரைப்போலவே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

அம்மா குனிந்து அரிசியைக் கூட்டத் தொடங்கினார். "தம்பிராசாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. அந்த மனுசன் தாங்காது."

"ஆருக்காகச் சொல்லுறியள் அம்மா? தம்பிராசா அண்ணைக்காகவோ, அப்பாவின்ரை பேருக்காகவோ?"

அம்மா கூட்டிய அரிசியைச் சுளகில் அள்ளினார். நானும் இருந்து அரிசி பொறுக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த நாள் செபநாயகம் மாஸ்டர் வந்தபோது, கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் சிவகரன் என்று தெளிவாகத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "நல்லது பிள்ளை. அதுதான் அவரும் விரும்பியிருப்பார்" என்றார்.

வழமையாக அந்தியேட்டி செய்கிற கீரிமலைப் பக்கம் ஆமி இருந்ததால் கிரியைகளை ஊர்க் கேணியடியிலேயே முடித்துக்கொண்டு வந்தோம். முற்றம் நிரம்பச் சனம். முகாமிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முதல் செபநாயகம் மாஸ்டர் எழுந்து பேசினார். அப்பா வெட்டிய குழிகளைப் பற்றி, ஏற்றிப்போன நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். எல்லாம் உண்மை. "பொய் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாத மனுசன். அதாலைதான் பெத்த பிள்ளையையும் சந்தேகப்படத் தெரியேல்லை" என்று முடித்தபோது பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உண்மையாகத்தான் அழுதார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பந்தி வைத்தார்கள். நான் சொதி வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பந்தி முடிகிற இடத்தில் தம்பிராசா அண்ணையும் குணலட்சுமி அக்காவும் இருந்தார்கள். காங்கேசன்துறை வீட்டு வளவில் ஷெல் விழுந்த நாளிலிருந்து அக்காவுக்குக் காது மந்தம். பந்திச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. குனிந்து சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். தம்பிராசா அண்ணையின் மடியில் கல்வெட்டு விரித்தபடி கிடந்தது.

"உவன்ரை பேரையும் போட்டிருக்கிறியள் தங்கச்சி" என்றார். கோபம் இல்லை. "போடத்தான் வேணும். மாஸ்டர் இருந்தால் போடு எண்டுதான் சொல்லியிருப்பார். மன்னிக்கிற மனுசன்."

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றார். "என்ரை பெடியனுக்கு அவர் பிணை நிக்கேல்லை எண்டு முகாமிலை கனபேர் அவரைக் குறை சொன்னவை. நான் ஒருநாளும் சொல்லேல்லை. வரமாட்டான் எண்டு நான் உண்மையைச் சொன்னன். உண்மையாப் பாத்தால் அவர் கையெழுத்து வைக்கேலாது. தன்ரை பிள்ளைக்கும் அவன் வருவான் எண்டு நம்பித்தானே வைச்சவர்? எல்லாருக்கும் ஒரே நீதிதான் அவருக்கு. தயாபரனை நினைச்சு மனம் கொதிக்கேக்கையெல்லாம் அதைத்தான் நினைக்கிறனான். ஒரு நேர்மையான மனுசன்ரை சொல்லுக்குத்தான் என்ரை பிள்ளை நிண்டவன் எண்டு. இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன்."

அம்மா சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. அந்த மனுசன் தாங்காது. அது உண்மை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாங்கில் அப்பாவின் பக்கத்தில் இருந்த முகம் அது. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்தவர். அவரையும் அப்பா பக்கத்தில் இருக்க விட்டார்.

"நம்பி வைக்கேல்லை அண்ணை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பாவுக்குத் தெரியும். வராதை எண்டு அவரேதான் சொல்லி அனுப்பினவர். கண் வருத்தம் எண்டது பொய். தயாபரன் செத்த பிறகு பயந்துபோய்ச் செய்தவர். எனக்கும் முந்தநாள்தான் தெரியும்."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நினைக்க நேரம் இருக்கவில்லை. தம்பிராசா அண்ணையின் கை இலைக்கு மேலே, பிசைந்த சோற்றோடு அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு முற்றத்தின் நடுவில் மாலை போட்டு வைத்திருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். இப்போது எழும்புவார், இலையைத் தூக்கி எறிவார், சனத்துக்கு முன்னால் கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றும் நினைத்தேன். யாராவது ஒருவர் கத்தவேண்டும் போலிருந்தது.

குணலட்சுமி அக்கா தலையை நிமிர்த்தினார். கணவரின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவாம்? பிள்ளை என்ன சொல்லுது?" என்று, காது கேளாதவர்கள் கேட்கிற மாதிரி உரத்துக் கேட்டார்.

தம்பிராசா அண்ணை கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். அக்காவின் நல்ல காதுப் பக்கம் சரிந்தார்.

"ஒண்டுமில்லை. சொதி விடட்டோ எண்டு கேக்குது."

"அதுக்கென்ன, விடு மோனை" என்று அக்கா சிரித்துக்கொண்டு இலையை எனக்குக் கிட்டவாக இழுத்தார். அகப்பையில் அள்ளி ஊற்றினேன். அளவு கூடிப்போய்விட்டது. மஞ்சள் சொதி சோற்றுக்குள் நிற்காமல் பரவி, இலையின் விளிம்பை நோக்கி ஓடியது. தம்பிராசா அண்ணை கையை நீட்டி, மனைவியின் இலையில் சோற்றை ஒதுக்கி வரம்பு கட்டத் தொடங்கினார். ஒரு பக்கம் கட்ட மறுபக்கம் உடைந்தது. உடைந்த பக்கத்தை விரல்களால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், அவர் கட்டிக்கொண்டே இருந்தார்.